மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, காயில் (கம்பிச்சுருள்) வைத்தாகிவிட்டது: இனி என்ன எதிர்பார்க்கலாம்?

சாட்ஸ்வர்த்_தங்கை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த். எங்கள் பெரியக்காவுக்கு 54 வயது. சனிக்கிழமை காலை பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், பின்மண்டையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடனே வாந்தி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வெளிச்சம் பட்டால் கத்துகிறார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். மைக்ரேன் என்று ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் இடது கண் இமை தொங்கிவிட்டது, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாத பதில். அத்தான் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டார். ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். அனியூரிசம், அதாவது ரத்தக்குழாயில் புடைத்திருந்த இடம், வெடித்திருக்கிறது என்றார்கள். ஞாயிறு இரவே தொடை வழியாகக் குழாய் விட்டு, காயில் என்ற மெல்லிய கம்பிச்சுருளை உள்ளே வைத்து அடைத்தாகிவிட்டது, மூளை நீர் வடியத் தலையில் டிரெயின் என்று ஒரு குழாயும் போட்டிருக்கிறார்கள்.

இன்று வியாழன். கண் திறக்கிறார், என்னைத் தெரிகிறது, ஆனால் மவுண்ட் எட்ஜ்கோம்பில் அம்மா வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார். டாக்டர் "காயில் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அடுத்த பத்து நாள்தான் எனக்குக் கவலை" என்கிறார். இதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஓட்டையை அடைத்தாகிவிட்டது என்றால் அப்புறம் என்ன கவலை? மாமா ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றிவிடலாம் என்கிறார். மாமியார் வீட்டுப் பக்கம் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

தங்கச்சி, நான் டர்பனில் நியூரோ ஐசியூவில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் அக்காவின் டாக்டருக்கு மேல் எனக்குத் தெரியாது, ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்க முடியும்.

சைக்கிள் டியூபில் மெலிந்த இடம் புடைத்துக்கொண்டு வருமே, அனியூரிசம் அதுதான். மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் முனைகளில் வரும். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 3 பேர் வாக்கில் தெரியாமலே இதைச் சுமந்துகொண்டு இருக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்குக் கடைசிவரை வெடிப்பதே இல்லை. வெடித்துவிட்டால் முதல் ஆபத்து மறுபடி வெடிப்பது. முதல் 24 மணி நேரத்தில்தான் அது அதிகம், அதிலும் முதல் சில மணி நேரத்தில். மறுபடி வெடித்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. காயிலோ, புடைப்பின் கழுத்தில் மாட்டும் கிளிப்போ இந்த ஒரு ஆபத்தைத்தான் தடுக்கிறது. அக்கா அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டார், அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது ஆபத்து, முதல் நாளே வெளியே கொட்டிய ரத்தம். அது மூளையைச் சுற்றியே கிடந்து கரையும்போது பக்கத்து ரத்தக்குழாய்கள் சுருங்க ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குப் பிறகு மெல்ல அடங்கும். சுருக்கம் கடுமையானால் அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாமல் பக்கவாதம் வரலாம். வெடித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தாமத பாதிப்பு வருகிறது. டாக்டர் சொன்ன பத்து நாள் கணக்கு இதுதான். வீட்டுக்குக் கூட்டிப்போகும் பேச்சே வேண்டாம். இந்த நாட்களில் மணிக்கொரு தரம் கையைத் தூக்கு, பேர் சொல் என்று எழுப்பிக்கொண்டே இருப்பார்கள், தூங்கவிட மாட்டேன் என்கிறார்களே என்று கோபப்படாதீர்கள்.

இந்தத் தாமத பாதிப்பைக் குறைக்கும் நிமோடிபின் மாத்திரை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் 60 மில்லிகிராம், 21 நாள், நடுராத்திரியிலும் நிறுத்தக்கூடாது. ரத்த அழுத்தம் இறங்கினால் 30 மில்லிகிராமாகப் பிரித்து 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுப்பார்கள். 1989இல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில், மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 33 சதவீதத்தினருக்கும் மூளைத்திசு செத்துப்போனது தெரிந்தது. அதிலிருந்து உலகம் முழுக்க இதைக் கொடுக்கிறார்கள். 21 நாளுக்கு முன்பே வார்டிலிருந்து அனுப்பினால் மிச்ச மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அலாரம் வைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று, டிரெயின். அந்தப் பை தொங்கும் உயரத்தைக் காது மட்டத்துக்கு அளந்து வைத்திருப்பார்கள். நீர் எவ்வளவு இறங்கலாம் என்பதை அந்த உயரம்தான் முடிவு செய்கிறது. சாப்பாடு ஊட்டலாம் என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றிவிடுவார்கள், அப்போது ஒரேயடியாக நீர் கொட்டும். எனக்கு இதில் எவ்வளவு பயம் என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை. எதையும் அசைக்கும் முன் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டோங்காட்_ரவி:

என் மனைவிக்கும் இதேதான், அவளுக்குக் கிளிப். மண்டையோட்டைத் திறந்து அந்தக் குமிழின் கழுத்தில் டைட்டானியம் கிளிப் போட்டார்கள். தங்கச்சியைப் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் காயில் காலப்போக்கில் அமுங்கிவிடும், குமிழ் திரும்ப நிரம்பும் என்று எங்களிடம் சொன்னார்கள். கிளிப் என்றால் ஒரேயடியாக முடிந்தது. இவர்கள் ஏன் கிளிப் போடவில்லை என்று கேட்பது நல்லது.

வார்டு_சிஸ்டர்:

ரவி தம்பி, உங்களுக்குச் சொன்னதும் உண்மைதான், ஆனால் பாதி. காயில் வைத்தவர்களில் சிலருக்கு அது அமுங்கி மறுபடி வைக்க வேண்டி வருகிறது, அதனால்தான் ஆறு மாதத்திலும் பிறகும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடக்கூடாது. ஆனால் அந்த நேரத்தில் ஆள் எப்படி எழுந்து வருகிறார் என்பதுதான் கேள்வி. 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐசாட் என்ற ஆய்வில் 2143 நோயாளிகள். இரண்டு வழியும் பொருந்தும் என்று தோன்றியவர்களைச் சீட்டுக் குலுக்கிய மாதிரிப் பிரித்தார்கள். ஒரு வருஷம் கழித்து இறந்தவர்களையும் பிறர் உதவி இல்லாமல் வாழ முடியாதவர்களையும் சேர்த்தால் கிளிப் பக்கம் 30.6 சதவீதம், காயில் பக்கம் 23.7 சதவீதம். அதற்குப் பிறகுதான் பல இடங்களில் காயில் முதல் தேர்வாக மாறியது.

அதற்காகக் கிளிப் பழையது, மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1937இல் அமெரிக்க மூளை அறுவை டாக்டர் வால்டர் டேண்டி முதல் கிளிப் போட்டதிலிருந்து அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. குமிழின் கழுத்து அகலமாக இருந்தால், நடு மூளைத் தமனியின் பிரிவில் இருந்தால், மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டி இருந்து அதையும் எடுக்க வேண்டியிருந்தால் திறப்பதுதான் சரி. உங்கள் மனைவிக்கு எங்கே இருந்தது?

டோங்காட்_ரவி:

நடு மூளைத் தமனி என்றுதான் ஞாபகம், ரத்தக்கட்டியையும் எடுத்தார்கள். சரி, இப்போது புரிகிறது. தங்கச்சி, மேலே எழுதியதை வைத்து அங்கே போய்ச் சண்டை போட வேண்டாம். சிஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்.

லெனேசியா_கலா:

எங்கள் அப்பாவை இதில்தான் இழந்தோம். கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. அப்பாவுக்கும் அதேதான். ஒரு திடீர் தலைவலி, டென்ஷன் என்றார்கள், இரண்டு நாள் கழித்து வீட்டிலேயே இரண்டாவது தடவை வெடித்தது. ஆம்புலன்ஸ் வரும்போது முடிந்துவிட்டது. இதைப் படிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மைக்ரேன் ஏறி ஏறி வரும். இது வந்த கணமே, ஒரு நிமிடத்துக்குள், உச்சத்தில் நிற்கும். என் வாழ்க்கையில் இப்படி வந்ததே இல்லை என்று ஒருவர் சொன்னால், கூட வாந்தியோ கழுத்து விறைப்போ மயக்கமோ இமை தொங்குவதோ இருந்தால், பனாடோ வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கக் கூடாது. கிராண்ட்பா தலைவலிப் பொடி வேண்டவே வேண்டாம். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, ரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஆம்புலன்ஸுக்கு 10177க்கோ, செல்போனிலிருந்து 112க்கோ அடியுங்கள். அங்கே போனதும் தலைவலி என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "இத்தனை மணிக்கு, இன்ன வேலை செய்யும்போது, ஒரே நொடியில் வந்தது" என்று சொல்லுங்கள். சிடி ஸ்கேன் எடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, பெரிய டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வது என்று நிற்காதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தத் தயக்கம் ரொம்ப அதிகம், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், தலைவலி வந்த 6 மணி நேரத்துக்குள் நல்ல மெஷினில் ஸ்கேன் எடுத்து, அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் ஏறக்குறைய எல்லா ரத்தக்கசிவும் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் கலைந்து ஸ்கேனில் தப்பிவிடலாம். அப்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிறம் வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். முதுகில் ஊசி என்றதும் கால் விளங்காமல் போய்விடும் என்று நம்மவர்கள் மறுத்துவிடுகிறார்கள். அந்த ஊசி தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் போகிறது. மறுக்காதீர்கள்.

பீனிக்ஸ்_முருகன்:

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவும் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டமும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. தனியார் ஆஸ்பத்திரி முதலில் டெபாசிட் கேட்டால் இதைச் சொல்லுங்கள். மெடிக்கல் எய்ட் இருந்தால் இது அவசர நிலை, குறைந்தபட்சக் கட்டாயப் பலன்களில் வருகிறது. எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அவர்கள் கட்டியே ஆக வேண்டும். பில் வந்ததும் பயந்து கடன் வாங்காதீர்கள், முதலில் எழுத்தில் கேளுங்கள்.

அரசுப் பக்கம் என்றால் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் இந்த மாதிரி சிகிச்சைக்கு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேரே போய் வாசலில் நிற்க முடியாது, ஆர். கே. கான் மாதிரி ஒரு ஆஸ்பத்திரி பார்த்துக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்துக்காக முதல் மணி நேரத்திலிருந்தே விடாமல் கேளுங்கள்.

சிஸ்டர், ஒரு கேள்வி. இப்படி வெடித்தால் பிழைத்தாலும் கட்டிலோடு கட்டில்தான் என்று எங்கள் ஆயா சொல்கிறார். உண்மையா?

வார்டு_சிஸ்டர்:

இல்லை. ஆனால் லேசானது என்றும் சொல்ல மாட்டேன். வெடித்தவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்பே இறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவர் வாக்கில் மற்றவர் துணையோடு வாழ வேண்டியிருக்கிறது. மிச்சப் பேர் தாங்களாகவே குளித்து, சமைத்து, வெளியே போய் வருகிறார்கள்.

இதில் பெரிய வித்தியாசம், உள்ளே வரும்போது ஆள் எந்த நிலையில் இருந்தார் என்பது. அதற்கு ஐந்து தரங்கள் வைத்திருக்கிறார்கள். நினைவோடு பேசிக்கொண்டு வந்தவர் முதல் தரம், ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர் ஐந்தாம் தரம். அக்கா குழப்பத்தோடு வந்திருக்கிறார், ஆனால் கை கால் அசைந்தது, கண் திறந்திருந்தது. அது இரண்டாம் தரமாக இருக்கலாம், கேளுங்கள். இமை தொங்கியது வேறு கணக்கு, குமிழ் கண் நரம்பை அமுக்கியதால் வருவது. பல மாதத்தில் சரியாக வாய்ப்பு உண்டு. ஐந்தாம் தரத்தில் வந்து நடந்து போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் தரத்தை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க் பற்றி: இந்த நோய்க்கு நிறைய கேஸ் பார்க்கும் இடம் நல்லது, அது உண்மை. ஆனால் அதைக் காயில் வைக்கும் முன் யோசிக்க வேண்டும். இப்போது இருக்கும் இடத்தில் குழாய் வழியாகச் சிகிச்சை செய்ய ஆளும் மெஷினும் இருக்கிறது. ரத்தக்குழாய் சுருங்கும் வாரத்தில், தலையில் டிரெயினோடு அவரை ஏற்றி இறக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சாட்ஸ்வர்த்_தங்கை:

உங்கள் எல்லோருக்கும் கோடி நன்றி. மாமாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன், மாற்றும் பேச்சை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஒரு சோதனை வந்தது. காலையில் அக்கா மந்தமாகிவிட்டார், வலது கையைத் தூக்கச் சொன்னால் பாதியில் விழுகிறது, ஸ்பூன் என்று சொல்லத் தெரியாமல் விரலைக் காட்டுகிறார். நர்ஸ்தான் முதலில் கவனித்தார். உடனே ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து ஏற்றினார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது, முதல் நாள் அழுத்தத்தை இறக்கப் பாடுபட்டவர்கள் இப்போது ஏற்றுகிறார்களே என்று. கேட்டதற்கு, குமிழ் அடைபட்டுவிட்டதால் இனி ஏற்றலாம், சுருங்கிய குழாய் வழியாக ரத்தத்தைத் தள்ள வேண்டும் என்றார்கள். அப்படியும் போதவில்லை என்று மறுபடி தொடை வழியாகப் போய்ச் சுருங்கிய குழாய்க்குள்ளேயே மருந்து விட்டார்கள். இரவு கை தூக்கினார். இன்று ஸ்பூன் என்கிறார், என் பேரைச் சொல்கிறார்.

உப்பும் குறைந்துவிட்டதாம், ரத்தத்தில் சோடியம். அதற்கும் ஏற்றுகிறார்கள்.

மாரிட்ஸ்பர்க்_வாணி:

கடவுளே, படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. தங்கச்சி, எனக்கே வெடித்துக் காயில் வைத்தது, நான் பள்ளிக்கூட டீச்சர். ஆஸ்பத்திரி முடிந்த பிறகு நடப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் பார்த்துவிட்டு, நல்லா இருக்கியே, ஒண்ணும் தெரியலையே என்றார்கள். வெளியே ஒன்றும் தெரியாதுதான். உள்ளே அசதி. தூக்கம் போட்டால் தீரும் அசதி இல்லை, ஒரு ரொட்டி சுட்டு முடிப்பதற்குள் சுவரில் சாய்ந்துவிடுவேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் தலையில் ஏறாது. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு ஏன் சமையலறைக்கு வந்தேன் என்று நிற்பேன். காரணம் இல்லாமல் அழுகை, காரணம் இல்லாமல் கோபம். கோயிலில் உறுமி அடித்தால் தாங்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன், காவடிக்குப் போகவே அந்த வருஷம் முடியவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை, மன உறுதி குறைவும் இல்லை, மூளைக்கு அடிபட்டதன் மிச்சம். இந்த நோய் வந்தவர்களில் கணிசமான பேர் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. நான் பாதி நேரமாகத் திரும்பி, மெல்ல முழு நேரத்துக்கு வந்தேன்.

அக்காவுக்குப் பேச்சுப் பயிற்சியும் கை வேலைப் பயிற்சியும் வேண்டும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு வெடித்த வேகத்தில் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கும், ஆள் குழப்பத்தில் இருப்பதால் பார்வை மங்கலாக இருப்பதைச் சொல்ல மாட்டார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கார் ஓட்ட வேண்டாம். பிறகு பல வாரம் கழித்து நடை தடுமாறினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், ஞாபகம் திரும்பச் சரிந்தால் மூளையில் நீர் சேர்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், வயசு என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு உள்ளேயே ஒரு குழாய் வைத்து வயிற்றுக்கு நீரைத் திருப்பிவிடுவார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு அது வைத்த மறுவாரம் நடை திரும்பியது.

சாட்ஸ்வர்த்_தங்கை:

வாணி அக்கா, இதை அப்படியே அத்தானுக்கு அனுப்பிவிட்டேன். இன்னொரு கேள்வி மனதை அரிக்கிறது. எங்கள் அம்மா 49 வயதில் கோயிலில் கூழ் ஊற்றும்போது தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து, இரண்டு நாளில் போய்விட்டார். மூளையில் ரத்தம் என்று மட்டும் சொன்னார்கள். எங்களுக்கும் வருமா? தம்பிக்கு 41 வயது, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறான்.

வார்டு_சிஸ்டர்:

இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவரே பேச்சை எடுத்திருப்பார், பரவாயில்லை, நாளைக்கே சொல்லுங்கள். தாய், தந்தை, கூடப்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கு இருந்தால் மற்றவர்களைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று காகிதத்தில் இல்லை என்றாலும், நீங்கள் சொல்வதைக் கேட்டால் அந்தக் கணக்கில்தான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். பழைய ஆஸ்பத்திரிக் காகிதமோ இறப்புச் சான்றிதழோ இருந்தால் எடுத்துப் போங்கள்.

பரிசோதனை என்பது எம்ஆர்ஐ மெஷினில் ரத்தக்குழாயைப் படம் எடுப்பது. பெரும்பாலும் ஊசி மருந்துகூடத் தேவைப்படாது. ஏதாவது தெரிந்தால் உடனே அறுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை, சின்னதாக இருந்தால் பார்த்துக்கொண்டே இருப்பதும் உண்டு. இதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும், தலைக்குள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தே வாழ்வது சிலருக்குப் பெரிய பாரம்.

தம்பியை இன்றைக்கே சிகரெட்டை விடச் சொல்லுங்கள். பிறப்பை மாற்ற முடியாது, வயதை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பவை புகையும் ரத்த அழுத்தமும்தான், இரண்டும் சேர்ந்தால் இந்தக் குமிழுக்கு அதைவிட மோசம் எதுவும் இல்லை. கிளினிக்கில் அழுத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை. உங்கள் அக்கா பிள்ளைகளுக்கும் பதினெட்டு தாண்டியிருந்தால் அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

பீனிக்ஸ்_முருகன்:

மெடிக்கல் எய்டில் அந்த எம்ஆர்ஐக்கு முன்கூட்டியே அனுமதி எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் கடிதத்தில் தலைவலி என்று எழுதாமல், நெருங்கிய உறவில் இரண்டு பேர் என்று எழுதச் சொல்லுங்கள். எடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

சாட்ஸ்வர்த்_தங்கை:

சரி அண்ணா. அம்மாவின் காகிதம் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாயங்காலம் போய் எடுத்துவருகிறேன். திங்கள்கிழமை டிரெயினை மூடிப் பார்க்கப் போகிறார்களாம், தலைவலி வராமல் இருந்தால் எடுத்துவிடுவார்கள். நியூரோ டாக்டரிடம் தம்பியையும் கூட்டிப்போகிறேன், அவர் வாயால் கேட்டால்தான் அவனுக்கு உறைக்கும்.